வலப்பக்கப் பெட்டி

உ

மயிலம் அமர்ந்தான் மலரடியே யாம்செல்
வழியெல்லாம் நிற்கும் துணை

திண்டிவனம்
பிலவ ஆண்டு, ஆனித் திங்கள்
19-6-1961

குன்றேறி வந்து குறை சொல்வார் குரலுக்குச் செவி சாய்க்கும் கந்தவேளின் கருணை முன்னிற்க, அன்பு நிறைந்த சம்பந்தி பாண்டுரங்கன் அவர்களுக்கும் இல்லத்தரசியார் கெங்கம்மாள் அவர்களுக்கும் பெரியதம்பி எழுதும் நலமடல்.

இங்கு நானும் என் பசுவும் நலம். வேறு எவரும் இல்லாத வீட்டில் வேறு எவருடைய நலத்தை எழுதுவது? தாயில்லாமல் வளர்ந்த தையல்நாயகி தங்கள் இல்லத்தில் ஒரு தாயைப் பெற்றுவிட்டாள் என்பது அவள் எழுதிய வரிகளில் தெரிகிறது. அத்தை கேப்பைக் களி கிண்டக் கற்றுக்கொடுத்ததையும், முதல் நாள் அது கட்டி தட்டிப் போனதையும், மாமா அதை முகம் சுளிக்காமல் உண்டதையும் எழுதியிருந்தாள். தங்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

ஒரு சிறு குறை உண்டு. மாப்பிள்ளை சீனுவாசன் நாள்தோறும் திண்டிவனத்துக்கு வருகிறார். தங்கள் ஊர்க் கொட்டகையும் எங்கள் ஊர்க் கொட்டகையும் ஒரே படச்சுருளைப் பங்கிட்டு ஓட்டுவதால், அங்கே பகல் காட்சி முடிந்ததும் பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே மாலைக் காட்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். அது அவர் பிழைப்பு. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கொட்டகை வாசலில் சோடா குடித்துவிட்டு அப்படியே திரும்புகிறாரே, இரண்டு தெரு தள்ளி மாமனார் ஒருவன் இருக்கிறான் என்ற நினைவு வேண்டாமா? தாங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சக்கரத்தின்மேல் செல்பவன் மயிலத்துத் திருநீறு இல்லாமல் எல்லை தாண்டலாகாது என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒழுங்கு. என் தந்தையார் மாட்டுவண்டியின் நுகத்தடியில் வலப்புறம் முடிந்து வைப்பார். ஆகவே வெள்ளிதோறும் ஒரு பொட்டலம் மாப்பிள்ளையின் வண்டியில் வைக்கும்படி தையலிடம் சொல்லி, ஒரு செப்பு நிறையத் திருநீறும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வலப்புறத்திலேயே தூய இடம் ஒன்றையும் திருமணத்தன்று பார்த்துக் காட்டிவிட்டேன். மாப்பிள்ளை அறிந்தால் நகைப்பார். அவர் அறியாமலே நடக்கட்டும். தாங்களும் அறியாதவர்போல் இருந்துவிடுங்கள்.

கந்தன் காக்க. தங்கள் மனையும் மக்களும் நெல்லும் நீரும்போல் பிரியாது வாழ்க.

இங்ஙனம்,
பெரியதம்பி

---

ஸ்ரீராமஜெயம்

விழுப்புரம்
27-8-1961

பெரியவர் சம்பந்தி அவர்களுக்கு, பாண்டுரங்கன் வணக்கத்துடன் எழுதியது.

தங்கள் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ரயில் என்ஜின் ஓட்டிய கை, பேனா பிடித்தால் கனக்கிறது. தங்களைப்போல் அழகாக எழுதவும் வராது.

மருமகப் பெண் சுகம். கெங்கம்மாள் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்வதில்லை, என்னைத்தான் சொல்கிறாள். சீனுவாசனிடம் தங்கள் குறையைச் சொன்னேன். “போவறதுக்கு எனக்கு ஆசை இல்லியாப்பா? பெட்டி லேட்டா போனா கொட்டாயில பெஞ்ச ஒடைக்கிறான். மாமா ஊட்ல உக்காந்து மோர் குடிச்சிக்கினு இருந்தா யாரு பதில் சொல்றது?” என்றான். அவன் சொல்வதும் உண்மை. செய்திப்படம் முடிவதற்குள் முதல் பெட்டி உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் விசில், கூச்சல், முதலாளியிடம் வசவு.

பெட்டிகள் கனம். பாரம் ஏற்றினால் வண்டி மேட்டில் திணறுகிறது. அதற்கு இப்போது ஒரு வழி செய்திருக்கிறான். ரயில்வே கேட் அருகில் சவுரிராயன் என்று ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். கை சுத்தம், வாய் மட்டும் நீளம். என்ஜினுக்குள் போகும் காற்றைத் தூசி நீக்கி அனுப்ப அந்த வண்டியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் கம்பளிபோல் ஒரு வடிகட்டி இருக்கும். சவுரிராயன் அந்த வடிகட்டியை எடுத்துவிட்டார். பெட்டியின் பின்பக்கத்தில் துளைகள் வெட்டி, என்ஜின் வாய்க்குக் கம்பிவலை மட்டும் கட்டி, அதற்கேற்ப பெட்ரோல் வரும் துவாரத்தையும் பெரிதாக்கினார். “மூக்குல துணிய சுத்திக்கினு ஓடச் சொன்னா எவன் ஓடுவான் டிரைவரய்யா? உங்க ரயிலு புகைய வுட்டுது, இது காத்தைக் குடிக்கும், அவ்ளோதான்” என்று என்னிடமே விளக்கம் சொன்னார். நானும் வாழ்நாளெல்லாம் நெருப்புக்குக் காற்றூட்டிப் பிழைத்தவன். அவர் சொன்னதில் பிழை காணவில்லை. மல்லாட்டைக் கடலை அறுவடையில் சாலையெல்லாம் புழுதி பறக்குமே என்று மட்டும் கேட்டேன். தை பிறந்ததும் வடிகட்டியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றார்.

நானே பின்னால் உட்கார்ந்து முண்டியம்பாக்கம்வரை போய்ப் பார்த்தேன். வண்டி பறக்கிறது. சத்தமும் ஏறிவிட்டது. கெங்கம்மாள், “இது வண்டியா, அடிபட்ட எருமையா? தெருவே பேஜாராப் போச்சு” என்கிறாள். மருமகப் பெண்ணுக்கு அந்தச் சத்தம் கேட்டால் முகம் மலர்கிறது. தெருக்கோடியில் வரும்போதே சோற்றை வடிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

இனி அவனுக்கு நேரம் மிஞ்சும். தங்கள் வீட்டுக்கு வருவான்.

தங்கள் அன்புள்ள,
பாண்டுரங்கன்

---

உ

மயிலம் அமர்ந்தான் மலரடியே யாம்செல்
வழியெல்லாம் நிற்கும் துணை

திண்டிவனம்
புரட்டாசித் திங்கள்
2-10-1961

உயிர்க்கு உயிராய் மூச்சில் நின்று இயங்கும் இறைவனை வணங்கி, சம்பந்தி அவர்களுக்குப் பெரியதம்பி வரைவது.

தாங்கள் எழுதியவாறே மாப்பிள்ளை வந்தார். வந்தார் என்பதைவிட நின்றார் என்பது பொருந்தும். வண்டியை அணைக்காமல் தெருவில் நின்றபடியே மோர் வாங்கிக் குடித்தார். “உள்ளே வாருங்கள்” என்றேன். “அடுத்த தபா கண்டிப்பா மாமா” என்றார். அந்த இரைச்சலில் என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. எனினும் நின்றாரே, அது போதும்.

அந்தக் காற்றுப்பெட்டியின் செய்தி என்னைச் சற்று நேரம் சிந்திக்க வைத்தது. நீரை வடிகட்டி உண்பவர் நாம். மூச்சை அடக்கவும் அளக்கவும் தெரிந்த முன்னோர் வழியில் வந்தவர். வடிகட்டாத காற்றை ஓர் இயந்திரம் விழுங்கலாமா என்று மனம் தயங்கியது. ஆயினும் தாங்கள் நெருப்பையும் நீராவியையும் கையில் வைத்து ஆண்டவர். தாங்கள் பார்த்துச் சரி என்ற பிறகு எனக்கு ஐயமில்லை. என் பங்குக்கு வேண்டியதைத் தையல் செய்துவருகிறாள். வெள்ளிதோறும் பழைய பொட்டலத்தை எடுத்துத் துளசி மாடத்தில் கொட்டிவிட்டுப் புதியது வைக்கிறாளாம். ஒரு வாரமும் தவறவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

வரும் தீபாவளி பிள்ளைகளுக்குத் தலைதீபாவளி. முதல்நாளே இருவரையும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அன்றைக்காவது மாப்பிள்ளை என் வீட்டில் காலாற உட்காரட்டும். எண்ணெய் காய்ச்சவும் பலகாரம் சுடவும் பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

தங்கள் இல்லத்தில் மழையும் மகிழ்வும் பருவம் தப்பாது பொழிக.

இங்ஙனம்,
பெரியதம்பி

---

உ

மயிலம் அமர்ந்தான் மலரடியே யாம்செல்
வழியெல்லாம் நிற்கும் துணை

திண்டிவனம்
கார்த்திகைத் திங்கள்
27-11-1961

கொடுத்ததை எடுப்பதற்கும் உரிமை உடைய இறைவனை, வாய் வணங்க, மனம் வணங்க மறுக்க, வணங்கி எழுதுகிறேன்.

சம்பந்தி அவர்களுக்கு. கருமாதி முடிந்து தையலை அழைத்துக்கொண்டு வந்துசேர்ந்தேன். தங்கள் ஒரே மகனை நெருப்புக்குக் கொடுத்த தங்களுக்கு நான் ஆறுதல் சொல்வது அறியாமை. ஆயினும் அன்றைய நாளைத் தங்களுக்கு நான் முழுவதும் சொல்லவில்லை.

விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். புதுவேட்டி உடுத்தி என் காலில் விழுந்தார். முனியம்மாள் சுட்ட அதிரசத்தைக் கையில் எடுத்து, “இதுல வண்டிக்கு ரெண்டு வீலு பண்ணலாம் போல இருக்கே மாமா” என்று சொல்லிக் கல்லாய் இறுகிய அதைக் கடித்துத் தின்றார். தையல் சிரித்தாள். நானும் சிரித்தேன். நண்பகலில் கொட்டகை ஆள் வந்து நின்றான். புதுப்படம், பண்டிகைக் கூட்டம், பெட்டி எடுக்க வேறு ஆளில்லை என்றான். “இன்றுமா?” என்றேன். “போனதும் தெரியாது வந்ததும் தெரியாது மாமா. சாயங்காலம் மூணு பேருமா படம் பாக்கலாம்” என்றார். விழுப்புரத்துக்குப் போய்ப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு திரும்பியவர், மயிலத்துக்குப் பிரியும் சாலைக்கு எதிரே வீழ்ந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரம் திடீரென்று இறுகிப்போனதென்றும், சாலையில் கரிய கோடு இழுத்தபடி வண்டி குறுக்கே வந்து தன் முன்னால் விழுந்ததென்றும், நிறுத்த முடியவில்லை என்றும் எதிரே வந்த லாரிக்காரன் சொன்னான். நான் போனபோது பெட்டிகள் உடைந்து, படச்சுருள் புளியமரத்து வேர்களில் சுற்றிக் கிடந்தது. ஊரார் அதில் துண்டு துண்டாகக் கிழித்து வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தின்மேல் யாரோ துண்டு போட்டிருந்தார்கள்.

ஓடும் என்ஜின் தானே இறுகுமா? விசாரித்தேன். காற்றுப்பெட்டியில் கைவைத்து வடிகட்டியைப் பிடுங்கியதே காரணம் என்று இங்குள்ள மோட்டார்க்காரர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஆகவே அந்தச் சவுரிராயன் மேல் போலீசில் மனுக் கொடுத்துவிட்டேன். நேற்று அவனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று செய்தி. இறைவன் நீறு ஒருநாளும் இடாத நெற்றிக்குப் பிறர் உயிரின் அருமை எப்படித் தெரியும்?

தங்கள் மனைக்கு ஆறுதல் இறங்குக.

இங்ஙனம்,
பெரியதம்பி

---

ஸ்ரீராமஜெயம்

விழுப்புரம்
11-12-1961

பெரியவர் சம்பந்தி அவர்களுக்கு.

கெங்கம்மாள் இன்னும் சாயங்காலமானால் தெருக்கோடியைப் பார்த்துக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எருமை என்று திட்டினாளே, அந்தச் சத்தத்துக்குத்தான்.

சவுரிராயன் மனைவி இருதயமேரி வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. காவலில் அடித்திருக்கிறார்கள். வலக்கை விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்ததில் இரண்டு மடங்கவில்லையாம். “ஸ்பேனரு இல்லீங்க, சோத்துப் பருக்கையே புடிக்க முடியல. ஊட்டிதான் வுட்டுட்டு வந்தேன்” என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கெங்கம்மாள் அவளுக்கு அரிசி கட்டிக் கொடுத்தாள். “பெத்தவ நான் சொல்றேன், அவன் மேல எனக்குக் கோவமில்ல. எழவு வுழுந்த அன்னிக்கு அவனும்தான் நம்ம வாசல்ல உக்காந்துகினு தலைல அடிச்சிக்கினான்” என்று என்னிடம் சொன்னாள்.

சம்பந்தி, அந்தத் திருத்தத்தை நானும் பார்த்தேன். பார்த்துச் சரி என்றேன். குற்றமென்றால் அவரோடு என்னையும் அடைக்க வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஓடினால் என்ஜின் நாளடைவில் தேயும். அது எனக்குத் தெரியும். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது ஒரு நொடியில் இறுகுவதற்கு வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று என் கை சொல்கிறது. வண்டியைப் போலீசார் அடுத்த வாரம் திருப்பித் தருகிறார்கள். நானே பிரித்துப் பார்க்கிறேன். அதுவரை அந்த மனுவின்மேல் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் இருக்க வேண்டுகிறேன்.

மருமகப் பெண் சாப்பிடுகிறாளா? எழுதுங்கள்.

பாண்டுரங்கன்

---

உ

மயிலம் அமர்ந்தான் மலரடியே யாம்செல்
வழியெல்லாம் நிற்கும் துணை

திண்டிவனம்
மார்கழித் திங்கள்
22-12-1961

அறத்தின் கண்ணாகிய இறைவன் சாட்சியாக எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் என்னை வருத்தியது. இரக்கம் நல்லது, ஆனால் இரக்கம் நீதியின் இருக்கையில் ஏறி அமரலாகாது. அவன் விரல்களுக்காக நான் வருந்துகிறேன். தங்கள் மகனுக்கு வருந்துவதற்கு விரல்கூட மிஞ்சவில்லை என்பதைத் தாங்கள் மறக்கலாம். நான் மறக்க முடியாது. அவர் உடலைச் சாலையிலிருந்து கூட்டி எடுத்தவன் நான்.

தையல் உண்பதில்லை; உறங்குவதும் இல்லை. நேற்று அவளாகவே வாய் திறந்து, அந்த ஆள் எந்தப் பெட்டியைத் திருத்தினான் என்று கேட்டாள். இயந்திர விவரம் உனக்கு எதற்கு என்று விடுத்தேன். மறுபடி கேட்டாள். எனக்குத் தெரியாது, மாமாவுக்குத்தான் தெரியும் என்றேன். “அவன் ஜெயிலுக்குப் போவட்டும்பா. போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றாள். பெற்ற மகள் வாயிலிருந்து வந்த ஒரே வேண்டுதல் அதுதான். அதை நிறைவேற்றுவதாக மயிலத்து வாசலில் சூளுரைத்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்ததும் மாஜிஸ்திரேட் முன் வழக்கு வருகிறது. வடிகட்டியைப் பிடுங்கியது தவறு என்று, இயந்திரம் அறிந்தவர் என்ற முறையில் தாங்கள் சாட்சி சொல்ல வேண்டும். இறந்தவனின் தந்தை சொல்வதை எவரும் மறுக்கார். சாட்சி சொல்லத் தாங்கள் மறுத்தால், நம் இரு குடும்பங்களுக்கும் இடையே இனி என்ன இருக்கிறது என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் மனையில் நீதி நிலைபெறுக.

பெரியதம்பி

---

ஸ்ரீராமஜெயம்

விழுப்புரம்
8-1-1962

பெரியவர் சம்பந்தி அவர்களுக்கு.

வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். தாங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த வண்டிக்கு இருபுறமும் பார்வைக்கு ஒன்றுபோல் இரண்டு பெட்டிகள். இடப்பக்கப் பெட்டியில் ஸ்பேனர், அழுக்குத்துணி. வலப்பக்கப் பெட்டிதான் காற்றுப்பெட்டி. மூடி திறந்ததும் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டு கிழிந்த காகிதம் ஒன்று இருந்தது. முக்கோணமாக மடித்து, ஓரத்தைச் செருகி, சிவப்பு நூல் சுற்றிய காகிதம். பெட்டி முழுதும் திருநீறு. வடிகட்டியை எடுத்த நாளில் பொட்டலம் கண்ணில் பட்டிருந்தாலும் சவுரிராயன் குப்பையென்று எறிந்திருப்பார். என்ஜினுக்குள் அது எண்ணெயோடு குழைந்து, அரைத்த மாவாகப் பிஸ்டனைக் கவ்விப் பிடித்திருந்தது. காகிதத்தைக் கையில் வாங்கிய கெங்கம்மாள், மருமகள் வெற்றிலையும் இப்படித்தான் மடிப்பாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வலப்புறம் வைக்கச் சொன்னேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்ஜினில் கைப்பிடியில்தான் கட்டுவோம். நானும் வலக் கைப்பிடி என்றே எண்ணிவிட்டேன். அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால், அல்லது வடிகட்டி எடுத்த செய்தியை எழுதும்போது எந்தப் பெட்டி என்று ஒரு சொல் சேர்த்திருந்தால்.

வடிகட்டி இருந்தவரை அந்தப் பொட்டலத்தால் கெடுதல் இல்லை. அது போனபிறகும் காகிதம் கிழியாதவரை கெடுதல் இல்லை. அன்று கிழிந்திருக்கிறது. வடிகட்டி இருந்தால் நீறு உள்ளே போயிருக்காது. நீறு இல்லாதிருந்தால் வடிகட்டி இல்லாமலும் அவன் வீடு வந்திருப்பான். இரண்டில் எது அவனைக் கொன்றது என்று எந்த மாஜிஸ்திரேட்டாலும் சொல்ல முடியாது.

பெட்டியைத் துடைத்துவிட்டேன். காகிதம் என்னிடம் இருக்கிறது. எங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தெரியாது. சவுரிராயனுக்கு எதிராக நான் சாட்சி சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லி அவரை மீட்கவும் என்னால் முடியாது. சொன்னால் அந்தப் பெண் என்ன ஆவாள்? வெள்ளி தவறாமல், புருஷன் நன்றாக இருக்க வேண்டுமென்று வைத்த கை அது.

எந்தப் பெட்டி என்று அவள் தங்களைக் கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

நான் படிக்காதவன். என்ன செய்வதென்று தாங்கள் சொல்லுங்கள்.

பாண்டுரங்கன்

---

திண்டிவனம்
தைத் திங்கள்
6-2-1962

சம்பந்தி பாண்டுரங்கன் அவர்களுக்கு.

என் கடிதங்களின் தலையில் வழக்கமாக எழுதும் ஈரடி வெண்பாவை இம்முறை எழுதவில்லை. மறதியால் அன்று. இந்தக் கடிதம் தையல் கையில் படாதிருக்க வீட்டு முகவரிக்கு அனுப்பாமல், தங்கள் பழைய நண்பர்கள் பணிபுரியும் ரயில் என்ஜின் கொட்டகை முகவரிக்கு அனுப்புகிறேன்.

தங்கள் கடிதம் வந்தபின் மயிலத்துக்கு நடந்து போனேன். சந்நிதியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பினேன். வழியில், அவர் வீழ்ந்த இடத்தில், புளியமரத்து வேரில் படச்சுருளின் துண்டு ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. அங்கே அமர்ந்து என் வாழ்நாளில் முதல் பொய்யை நன்கு யோசித்துக் கட்டினேன்.

வீடு வந்து, காகிதத்தை முக்கோணமாக மடித்து ஓரம் செருகப் பழகினேன். என் விரல்களுக்கு அது எளிதில் வரவில்லை. தையலின் மடிப்பைப்போல் ஒன்று அமைந்தவுடன், அதில் திருநீறு இட்டுச் சிவப்பு நூல் சுற்றினேன். அவளை அழைத்து அதை அவள் கையில் வைத்தேன். தீபாவளியன்று மாப்பிள்ளை உண்டுகொண்டிருந்தபோது நான் வாசலில் நின்ற வண்டியின் வலப்பக்கப் பெட்டியைத் திறந்தேன் என்றும், அவள் வைத்த சிறு பொட்டலம் போதாதென்று இதை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பெரிய துணிமுடிப்பில் நீறு கட்டி நானே உள்ளே வைத்தேன் என்றும், அந்த முடிப்பே அவிழ்ந்து என்ஜினுக்குள் போயிற்றென்றும், தாங்கள் பிரித்துப் பார்த்து எழுதியதால் இப்போது தெரிந்ததென்றும் சொன்னேன்.

அவள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நீங்க வெச்சது துணி முடிச்சாப்பா?” என்றாள். ஆம் என்றேன். “உள்ள இருந்தது துணிதானா? மாமா பாத்தாரா?” என்றாள். பார்த்தார் என்றேன். “அப்ப அது நான் வெச்சது இல்ல” என்று சொல்லித் தரையில் அமர்ந்துவிட்டாள். அவர் இறந்தபின் அவள் வாய்விட்டு அழுததை அன்றுதான் கேட்டேன். அவன் சிறைக்குப் போனால்தான் தூக்கம் வரும் என்றாளே, சம்பந்தி, அவள் அஞ்சியது இதற்கே. நான்தான் அறியாதிருந்தேன். அழுது ஓய்ந்ததும் உறங்கிப் போனாள். உறங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தேன். இனி அந்த முகத்தை அவ்வளவு அருகில் பார்க்க வாய்க்காது என்று தெரிந்தே பார்த்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போய் அதே சொற்களைச் சொல்லி, மனுவைத் திரும்பப் பெற்று, என்னை அடைக்கும்படி கேட்டேன். “துண்ணூறு வெச்சதுக்கு எந்த செக்ஷன்ல பெரியவரே உங்களைப் புடிக்கிறது? ஊட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார். சவுரிராயன் வெளியே வந்துவிட்டார் என்று அறிந்தேன். அவர் விரல்களை நான் எங்கே போய்த் திரும்பப் பெறுவது? அவர் வாசலில் நின்று வணங்க வந்தால் ஏற்பாரா என்று கேட்டு எழுதச் சொல்லத் துணிவில்லை. கேளாமலே ஒருநாள் வருவேன்.

தையல் அன்றிலிருந்து என் கையால் நீர் வாங்கிக் குடிப்பதில்லை. நேற்று, “நான் மாமியார் ஊட்டுக்குப் போறேன். அங்கதான் இருப்பேன். நீங்க வர வேணாம்பா” என்றாள். நாளை மறுநாள் காலைப் பாசஞ்சரில் முனியம்மாள் துணையோடு வருகிறாள். நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்த திருநீற்றுச் செப்பை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

தங்களிடம் ஒன்றே வேண்டுகிறேன். என்றேனும் அவள் கேட்டால், பெட்டியில் இருந்தது துணி என்று சொல்லுங்கள். தங்களிடம் உள்ள அந்தக் காகிதத்தை ஆற்றில் விட்டுவிடுங்கள். சம்பந்தி அம்மாளும் அப்படியே சொல்லட்டும். என்னைப் பற்றி அவள் முன்னிலையில் நல்லதாக ஒன்றும் சொல்லவேண்டாம். என்மேல் உள்ள வெறுப்பில்தான் அவள் உறக்கம் நிற்கிறது. ஆகவே தாங்கள் எனக்குக் கடிதம் எழுதுவதையும் இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். தங்கள் சொல்லைக் கேளாமல் தங்களை நெருக்கினேன். அந்தக் கடிதத்தை மன்னிக்க வேண்டும்.

நான் நலம். நாள்தோறும் நீறு இடுகிறேன்.

மாலையில் விளக்கேற்றும் வேலையை அவளிடமே கொடுங்கள். கைம்பெண் ஏற்றலாமா என்று எவரேனும் கேட்டால், சாத்திரம் படித்த ஒரு கிழவன் ஏற்றச் சொன்னான் என்று சொல்லுங்கள். அந்த விளக்கு இருக்கும் மனை வாழ்க. அதில் உண்பவரும் உறங்குபவரும் அச்சமின்றி வாழ்க. இதைப் படிக்கும் தங்கள் கண்ணும், அதன் வழியே அவளைக் காக்கும் தங்கள் கையும் நெடுநாள் நலமாக இருக்க.

இங்ஙனம்,
பெரியதம்பி